பல வேலைகள், ஒரு பயோடேட்டா: மாறி மாறி வந்த பணி அனுபவத்தை எழுதும் முறை

பதினைந்து வருடத்தில் ஐந்து வேலை பார்த்த ஒருவரைப் பற்றி நம் ஊரில் சட்டென்று சொல்லிவிடுவார்கள்: "எங்கேயும் நிலைக்க மாட்டார்." நாளடைவில் அவரும் அதை நம்பிவிடுகிறார். பயோடேட்டா எழுத உட்காரும்போது அந்தத் தயக்கம் தாளில் இறங்குகிறது. ஒரு வேலையை விட்டுவிடுகிறார். இன்னொன்றின் தேதியை நீட்டி இடைவெளியை மூடுகிறார். மிச்சத்தை ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் அடுக்கிவைக்கிறார். எடுத்துப் படிப்பவருக்கு நிறுவனப் பெயர்களும் தேதிகளும் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை.

கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு நாடுகளில் பொருளியலாளர்களும் சமூகவியலாளர்களும் பயோடேட்டாக்களையும் பணி வரலாறுகளையும் வைத்து ஆய்வுகள் நடத்தியிருக்கிறார்கள். அவற்றைச் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. ஒருவர் பலவகை வேலை பார்த்திருப்பது மட்டுமே தேர்வாளரைத் தடுப்பதில்லை. ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு அவர் எப்படி வந்தார், இப்போது கேட்கும் வேலைக்கு அவையெல்லாம் எப்படி உதவும் என்பது தாளில் தெரியாமல் போவதுதான் பெரும்பாலும் தடுக்கிறது. இதில் எழுதுபவர் சரிசெய்யக்கூடிய பகுதி பெரிது. அவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சரியாகாத பகுதி ஒன்றும் உண்டு. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேலை கொடுப்பவர்கள். இந்தக் கட்டுரை இரண்டையும் பேசுகிறது.

வேலை மாறியது யாரால்?

நோக்கியா நிறுவனம் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டார கிராமங்களிலிருந்தும் தொலைதூர மாவட்டங்களிலிருந்தும் இளம்பெண்களும் இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்கு வந்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் பாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் நின்றது. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலைக்கும் அதுதான் நடந்தது: 2021 செப்டம்பரில் அறிவிப்பு, 2022 ஜூலையில் கடைசிக் கார். இந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்களில் பலர் அதன் பிறகு கிடைத்த வேலைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அவர்களுடைய பயோடேட்டா வளைந்து திரும்பும் இடத்தில் இருப்பது ஒரு நிறுவனம் எடுத்த முடிவு. ஆனால் தாளைப் படிப்பவர் அதைத் தொழிலாளியின் குணமாக வாசிக்கிறார்.

ஆலை மூடாவிட்டாலும் வேலை மாறுகிறது. அப்ரெண்டிஸ், டிரெய்னி, காண்ட்ராக்ட் என்று பல பெயர்களில் குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்கும் வழக்கம் தொழிற்பேட்டைகளில் ஊறிப்போயிருக்கிறது. அப்படி எடுக்கப்பட்டவர் 30 வயதுக்குள் நான்கு நிறுவனங்களைப் பார்த்திருந்தால் அது அவர் விருப்பத்தால் நடந்ததல்ல. பெண்களுக்கு இதற்கு மேலும் காரணங்கள் சேர்கின்றன: திருமணத்துக்குப் பின் ஊர் மாற்றம், பிள்ளைப்பேறு, வீட்டில் முதியவர் நோய்வாய்ப்படுவது. மாறி மாறி வந்த பணி அனுபவம் ஒருவரின் நிலையின்மைக்குச் சான்று என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது, இந்தக் காரணங்கள் எதையும் கணக்கில் எடுக்காத முடிவு.

ஆய்வுகள் காட்டுவது

இத்துறையில் நம்பகமான ஒரு முறை உண்டு. படிப்பிலும் தகுதியிலும் சமமான கற்பனை விண்ணப்பங்களைத் தயாரித்து, ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றி, உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்புவார்கள். எந்த விண்ணப்பத்துக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணுவார்கள். மற்றதெல்லாம் சமமாக இருப்பதால், அழைப்பில் வரும் வித்தியாசத்துக்கு மாற்றப்பட்ட அந்த அம்சமே காரணம் என்று சொல்ல முடிகிறது.

முதலில் இடைவெளி. கோரி கிராஃப்ட், ஃபேபியன் லாங்கே, மேத்யூ நோட்டோவிடிக்டோ ஆகிய மூவரும் அமெரிக்காவில் சுமார் 12,000 விண்ணப்பங்களை அனுப்பி 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில்லாமல் இருக்கும் காலம் கூடக் கூட அழைப்பு குறைந்தது. சரிவின் பெரும்பகுதி முதல் எட்டு மாதங்களிலேயே நிகழ்ந்துவிட்டது. வேலைவாய்ப்பு பொதுவாகவே மோசமாக இருந்த ஊர்களில் இந்தச் சரிவு குறைவாக இருந்தது. அதாவது, வேலை கிடைக்காததற்கு ஊர் நிலவரமே காரணம் என்று தேர்வாளருக்குத் தெரிந்தால் ஆளைக் குறை சொல்வது குறைகிறது.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஸ்வீடனில் ஸ்டெஃபான் எரிக்சனும் டான்-ஓலோஃப் ரூத்தும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு. பழைய இடைவெளிக்குப் பின் ஒருவர் மீண்டும் வேலை பார்த்திருந்தால், தேர்வாளர்கள் அந்த இடைவெளியைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவில்லை. இப்போது நடந்துகொண்டிருக்கும் நீண்ட இடைவெளிதான், அதுவும் உயர்கல்வி தேவைப்படாத வேலைகளில், அவர்களை உறுத்தியது. நடுவில் இரண்டு வருடம் விட்டுப்போனதை நினைத்து இன்றும் கூசிக்கொண்டிருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய முடிவு இது.

அடுத்தது வேலையின் தன்மை. டேவிட் பெடுல்லா அமெரிக்காவின் ஐந்து பெரிய நகரங்களில் 2,420 விண்ணப்பங்களை அனுப்பி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் குறைந்த வேலையை அண்மையில் பார்த்தவர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், பின்தள்ளப்பட்டார்கள். பகுதிநேர வேலை பார்த்த ஆண்களுக்கும் அதே கதிதான். பகுதிநேர வேலை பார்த்த பெண்களுக்கு அந்தத் தண்டனை இல்லை. ஏஜென்சி மூலம் தற்காலிக வேலை பார்த்தவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. ஒரே மாதிரி வரலாறு, படிப்பவர் மனதில் இருக்கும் எதிர்பார்ப்பைப் பொறுத்து வேறு வேறு பொருள் பெறுகிறது. கேத்ரின் வைஸ்ஹார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டதாக எழுதியவர்களுக்கு வந்த அழைப்பு, வேலை பறிபோனவர்களுக்கு வந்ததில் ஏறக்குறையப் பாதிதான்.

வகை வகையான வேலை

நம் கேள்விக்கு மிக நெருக்கமானது மிங் லியுங் 2014-இல் வெளியிட்ட ஆய்வு. இணையவழியில் தனித்தனி ஒப்பந்த வேலை பிடிக்கும் ஈலான்ஸ் தளத்தில் பணியாற்றியவர்களின் வேலைப் பதிவுகளை அவர் ஆராய்ந்தார். எத்தனை வகை வேலை என்பதோடு, எந்த வரிசையில் அவை வந்தன என்பதையும் கணக்கிட்டார். ஒரே வகையை விட்டு அசையாதவர்களும், சம்பந்தமே இல்லாத துறைகளுக்கு இடையே தாவியவர்களும் ஒப்பீட்டளவில் குறைவாகவே வேலை பெற்றார்கள். அருகிலுள்ள வேலைக்கு, அங்கிருந்து அதற்கு அருகிலுள்ள வேலைக்கு என்று படிப்படியாக நகர்ந்தவர்கள் அதிகம் பெற்றார்கள். நகர்ந்தவரைக் கற்றுக்கொண்டே வருபவர் என்றும், தாவியவரை எதிலும் ஒட்டாதவர் என்றும் வேலை கொடுப்பவர்கள் வாசித்தார்கள்.

பல துறை பார்த்தது பலமாகிய இடமும் உண்டு. ஜெனிஃபர் மெர்லுஸ்ஸியும் டேமன் பிலிப்ஸும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் முன்னணி மேலாண்மைக் கல்லூரி ஒன்றிலிருந்து முதலீட்டு வங்கிகளுக்குப் போனவர்களைப் பார்த்தார்கள். படிப்புக்கு முன்னும் பின்னும் நிதித்துறையையே விடாமல் பிடித்திருந்தவர்களைவிட, வேறு அனுபவமும் கொண்டவர்களுக்கு அதிக வாய்ப்புகளும் கூடுதல் போனஸும் கிடைத்தன. எல்லோரும் ஒரே மாதிரி இருக்கும் கூட்டத்தில் வேறு அனுபவம் தனித்துத் தெரிந்தது. அந்தக் கல்லூரியின் பெயர் அவர்களுடைய திறமைக்கு முன்பே சாட்சி சொல்லிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தச் சாட்சி இல்லாதபோது நடப்பதை ஹாலிவுட் திரைத்துறையை ஆராய்ந்த எஸ்ரா சக்கர்மேனும் அவர் குழுவினரும் 2003-இல் காட்டினார்கள். புதிதாக நுழையும் நடிகர் ஒரு வகைப் படத்தோடு அடையாளப்படுவது அடுத்த வாய்ப்பு கிடைக்க உதவியது. ஆள் நன்கு அறிமுகமான பிறகு அந்த அனுகூலம் மங்கியது. கோடம்பாக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது விளங்காத விஷயமல்ல. ஆக, தன்னை எவரும் அறியாத இடத்தில் விண்ணப்பிப்பவர் முதல் பார்வையில் ஓர் அடையாளத்தைக் கொடுத்தாக வேண்டும். அது பதிந்த பிறகுதான் மற்ற அனுபவங்கள் பலமாகும். பலவகை வேலை பார்த்தவர் எழுதும் பயோடேட்டாவின் அடிப்படை விதியாக இதைக் கொள்ளலாம்.

ஒரு பயோடேட்டாவைப் பிரித்து எழுதிப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். திருப்பூர்க்காரர், 34 வயது, ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ. 2011 முதல் 2014 வரை ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் அசிஸ்டென்ட். பிறகு குழந்தை. 2016 முதல் இரண்டு வருடம் வீட்டிலிருந்தே தையல் ஆர்டர். 2018 முதல் 2020 வரை தனியார் பள்ளியில் கணினி ஆசிரியர். கொரோனாவில் அந்த வேலை போனது. 2021 முதல் மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனத்தில் களப்பணி. இப்போது மீண்டும் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்.

இதை வழக்கமான தேதி வரிசையில், கடைசி வேலையை முதலில் வைத்து எழுதினால், தேர்வாளர் முதலில் பார்ப்பது கடன் வசூல், அடுத்து பள்ளிக்கூடம். பனியன் கம்பெனி அனுபவம் அடியில் கிடக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் அதுவரை வரவே மாட்டார்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, விண்ணப்பிக்கும் பணி உண்மையில் எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. மெர்ச்சண்டைசர் என்பவர் பையர் (வாங்கும் நிறுவனம்) அனுப்பும் டெக் பேக்கை (ஆடையின் விவரக் குறிப்பு) புரிந்துகொண்டு, சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்கி, நிட்டிங், டையிங், பிரின்டிங், தையல் என்று ஒவ்வொரு யூனிட்டிலும் ஆர்டர் எங்கே நிற்கிறது என்று விரட்டிப் பிடித்து, ஷிப்மென்ட் தேதிக்குள் சரக்கு கிளம்பச் செய்கிறவர். இதற்கு அளவும் துணியும் தெரிந்திருக்க வேண்டும். எக்செல்லில் கணக்கு வைக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேதி தவறாமல் பலரைப் பின்தொடரும் பழக்கம் வேண்டும்.

இப்போது அவருடைய பழைய வேலைகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். "மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனத்தில் களப்பணியாளராக 4 ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிகிறேன்" என்ற வரி ஒன்றையும் சொல்லவில்லை. அதே வேலையை இப்படி எழுதலாம்: "20 சென்டர்கள், சுமார் 300 உறுப்பினர்கள், வாரந்தோறும் குறித்த நாளில் கூட்டம், வசூல், அன்றே கணினியில் பதிவு, தவணை தவறியவர்களை மறுநாளே நேரில் பார்த்துப் பேசுதல்." பின்தொடரும் வேலையில் இவர் பழகியவர் என்பது படிப்பவருக்குத் தெரிகிறது. பள்ளி வேலைக்கு "எக்செல், தட்டச்சு, அடிப்படைக் கணினி கற்பித்தல், மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு தயாரிப்பு" என்ற ஒரு வரி போதும். வீட்டுத் தையலை மறைக்கத் தேவையில்லை: "அளவெடுத்தல், வெட்டுதல், துணிக் கணக்கு, விலை நிர்ணயம், பள்ளிச் சீருடை ஆர்டர்கள்." இந்த எண்ணிக்கைகள் எல்லாம் கேட்டால் சொல்லக்கூடிய உண்மையான எண்ணிக்கைகளாக இருக்க வேண்டும். இரண்டு தையல் மெஷினை வைத்துக்கொண்டு "நிர்வாக இயக்குநர்" என்று எழுதினால் நேர்காணலில் முதல் கேள்விக்கே அது தாங்காது.

அடுத்தது அடுக்கும் முறை. பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் கீழே மூன்று வரிச் சுருக்கம்: ஜவுளி டிப்ளமோ, ஏற்றுமதி மெர்ச்சண்டைசிங்கில் 3 ஆண்டுகள், தேதி தவறாத களப் பின்தொடர்வில் 4 ஆண்டுகளுக்கு மேல், எக்செல் பழக்கம். சக்கர்மேன் ஆய்வு கேட்கும் அடையாளம் இங்கே கிடைத்துவிடும். அதன் கீழே "துறை சார்ந்த அனுபவம்" என்று ஏற்றுமதி நிறுவன வேலையும் தையலும். அதற்கடுத்து "பிற அனுபவம்" என்று மைக்ரோஃபைனான்ஸும் பள்ளியும். ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் அண்மையது முதலில். படிப்பவர் பனியன் கம்பெனியில் தொடங்கி, அதற்கு உதவும் அனுபவங்களுக்கு வருகிறார். லியுங் சொன்ன படிப்படியான நகர்வு, ஒரு தேதியும் மாறாமல், அடுக்கும் முறையிலேயே தெரியத் தொடங்குகிறது.

வேலைகளையே சொல்லாமல் திறமைகளை மட்டும் பட்டியலிடும் பயோடேட்டா வடிவம் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. பலவகை வேலை பார்த்தவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை. "தலைமைப் பண்பு, குழுவாகப் பணியாற்றும் திறன்" என்ற சொற்கள் எங்கே, எந்த வேலையில் வெளிப்பட்டன என்று தெரியாவிட்டால் அவற்றுக்கு மதிப்பில்லை. எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகத்தையும் அது கிளப்புகிறது. திறமையையும் அது விளைந்த வேலையையும் ஒரே இடத்தில் சொல்லும் கலப்பு வடிவமே நல்லது.

இடைவெளியைப் பற்றி ஓர் உபயோகமான ஆய்வு உண்டு. ஏரியெல்லா கிறிஸ்டலும் சக ஆய்வாளர்களும் பிரிட்டனில் 9,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்து 2023-இல் வெளியிட்டது அது. "2011–2014" என்று எழுதுவதற்குப் பதிலாக "3 ஆண்டுகள்" என்று வேலை பார்த்த காலத்தை எழுதிய விண்ணப்பங்களுக்கு அதிக அழைப்பு வந்தது. இடைவெளி இல்லாதவர்களுக்கும் அது பலன் தந்தது. அனுபவத்தின் நீளம் கணக்குப் போடாமலே கண்ணில் படுவதுதான் காரணம் என்று அவர்கள் விளக்குகிறார்கள். நம் நாட்டில் நிறுவனங்களின் விண்ணப்பப் படிவம் மாதம், வருடம் எல்லாம் கேட்கும். அங்கே கேட்டதை அப்படியே கொடுத்துவிட வேண்டும். பயோடேட்டாவில் ஆண்டுக் கணக்கைத் தடித்த எழுத்தில் முன்னால் வைத்து, தேதியை அதன் பக்கத்தில் சிறிதாகப் போடலாம். குழந்தை வளர்த்த காலத்துக்கு ஒரு வரி போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அதற்குப் பிறகு அவர் மூன்று வேலை பார்த்துவிட்டார் என்பது தாளில் தெரிந்தால், ஸ்வீடன் ஆய்வின்படி பழைய இடைவெளியின் பாரம் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது.

இயந்திரத்தின் கண்

பல பெரிய நிறுவனங்களில் பயோடேட்டாவை முதலில் படிப்பது மென்பொருள். ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்ச்சர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நாடுகளின் நிறுவன நிர்வாகிகளிடம் விசாரித்தது. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் விண்ணப்பத்தை வடிகட்டிவிடும் நிறுவனங்கள் ஏறக்குறையப் பாதி என்று அது சொன்னது. அந்த வடிகட்டலில் தகுதியான ஆட்களே விடுபட்டுப்போவதை அந்த நிர்வாகிகளில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள்.

விண்ணப்பதாரர் இங்கே செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனாலும் செய்ய வேண்டியது. சில நிறுவனங்கள் பதவிக்குத் தங்கள் பாணியில் பெயர் வைத்திருக்கும். நியமனக் கடிதத்தில் உள்ள பதவிப் பெயரை எழுதி, பக்கத்தில் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயரையும் சேர்க்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள சொற்களில் தனக்கு உண்மையிலேயே பொருந்துபவற்றை அதே சொல்லால் எழுத வேண்டும். கட்டம், படம், இரண்டு நெடுவரிசை வடிவம் போன்றவற்றை மென்பொருள் தாறுமாறாகப் படிக்கக்கூடும். எளிய ஒற்றை நெடுவரிசை வடிவமே பாதுகாப்பு.

தேதியை மாற்றி எழுதுவதன் விலை

இருபது வருடத்துக்கு முன் தேதியை நீட்டி எழுதியவர் தப்பித்திருக்கலாம். இன்று அமைப்புசார்ந்த நிறுவனங்களில் வேலை பார்த்த காலம் பி.எஃப். கணக்கில் பதிவாகிறது. 2014 முதல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் யு.ஏ.என். என்ற ஒரே எண் தரப்படுகிறது. வேலை மாறினாலும் எண் மாறுவதில்லை. எந்த நிறுவனத்தில் எந்த நாள் சேர்ந்தார், எந்த நாள் விலகினார் என்பது அந்த எண்ணின் கீழே வரிசையாக இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் நிறுவனங்கள் அந்தப் பணிப் பதிவைக் கேட்டு வாங்குகின்றன. பயோடேட்டாவில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒத்துவராவிட்டால், கையில் கிடைத்த வேலையே போகக்கூடும்.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியது, தன் பி.எஃப். பணிப் பதிவைத் தானே எடுத்துப் பார்ப்பது. பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. அப்போது இரண்டு நிறுவனங்களில் ஒரே நேரத்தில் வேலை பார்த்ததுபோல் பதிவு காட்டும். 2020 முதல் உறுப்பினரே இணையத்தில் விலகிய தேதியைப் பதியும் வசதி வந்திருக்கிறது.

எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். பயோடேட்டா என்பது விண்ணப்பதாரர் தேர்ந்தெடுத்துச் சொல்வது. பத்து வருடத்துக்கு முன் பார்த்த மூன்று குறுகிய வேலைகளை "சில்லறை விற்பனையில் பல பணிகள், 2 ஆண்டுகள்" என்று ஒரே வரியில் அடக்குவது நேர்மைக்கு மாறானதல்ல. ஆனால் நிறுவனத்தின் விண்ணப்பப் படிவம் "இதுவரை பார்த்த எல்லா வேலைகளும்" என்று கேட்டால் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். தேதியையும் பதவியையும் சம்பளத்தையும் மாற்றி எழுதக் கூடாது. இதற்கு உதவியாக, பார்த்த எல்லா வேலைகளையும் சேர்ந்த நாள், விலகிய நாள், மேலதிகாரியின் பெயர், செய்த வேலை, கையிலுள்ள சான்று ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சான்றில்லாத வேலை

பலவகை வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள உண்மையான சிக்கல், பார்த்த வேலைக்குத் தாள் இல்லாதது. பத்து வருடம் மேஸ்திரியாக இருந்தவருக்கு ஒரு கடிதம் கிடையாது. ஜாப் ஒர்க் யூனிட்டில் கட்டிங் மாஸ்டராக இருந்தவரை முதலாளி கையில் பணம் கொடுத்து அனுப்பியிருப்பார்.

சட்டம் இங்கே முற்றிலும் வாய்மூடி இருந்ததில்லை. 1946-ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைச் சட்டத்தின் மாதிரி ஆணைகள், பணி முடியும்போது நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச் சான்று உரிமை என்றன. 1971-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள், வேலை முடிந்ததும் ஒப்பந்ததாரர் பணிச் சான்று தர வேண்டும் என்றன. கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு. கேட்கலாம் என்று தெரிந்தவர்களே குறைவு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் தருவதை வேலை கொடுப்பவரின் கடமையாக்கியிருக்கின்றன. அந்தக் கடிதம் கடைசித் தொழிலாளியின் கைக்கும் வந்து சேர்கிறதா என்பதே இனிக் கவனிக்க வேண்டியது.

இன்னொரு வழியும் உண்டு. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிச் சட்டகம், திறமை பள்ளியில் கற்றதா, வேலையில் கற்றதா என்று பார்க்காமல் நிலை வகுக்க இடம் தருகிறது. 2015-இல் தொடங்கிய பிரதமர் கௌசல் விகாஸ் திட்டத்தில், வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு இருக்கிறது. எலக்ட்ரீஷியன், கொத்தனார், தையற்காரர் போன்றவர்கள் இதைப் பயன்படுத்தலாம். சான்றிதழ் ஒன்றே வேலை வாங்கித் தராது. ஆனால் பயோடேட்டாவில் எழுதிய ஒரு வரிக்கு வெளியாள் ஒருவரின் சாட்சியாக அது நிற்கும். அதுவும் இல்லாதவர்கள் வேலை செய்த இடத்தின் பெயர், வேலையின் அளவு, விசாரித்தால் சொல்லக்கூடிய ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றையாவது அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும்.

தாளில் தீராதது

எவ்வளவு நன்றாக எழுதினாலும் தீராத ஒன்று இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் இந்தியாவின் ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பி 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பு விகிதத்தோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஜஹ்ரா சித்திக் சென்னையில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒடுக்கப்பட்ட சாதியைக் காட்டும் பெயர் கொண்டவர், மற்றவர் பெறும் அதே அளவு அழைப்பைப் பெற 20 சதவீதம் அதிக விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. ஆலை மூடியதால் வேலை மாறியவர் ஒடுக்கப்பட்ட சாதிக்காரராகவும் குழந்தைக்காக வேலையை விட்ட பெண்ணாகவும் இருந்தால், இந்தப் பாரங்கள் எல்லாம் ஒருவர் தலையிலேயே ஏறுகின்றன. "நன்றாக எழுதுங்கள்" என்று அவருக்கு மட்டும் அறிவுரை சொல்லிவிட்டு நகர்வது நியாயமாகாது.

வேலை கொடுப்பவர்கள் செய்யக்கூடியவை எளியவை. விண்ணப்பப் படிவத்திலிருந்து சாதி, மதம், தந்தை பெயர், திருமண நிலை ஆகியவற்றை எடுத்துவிடலாம். ஆறு மாத இடைவெளிக்கு விண்ணப்பத்தைத் தள்ளும் வடிகட்டியை நிறுத்தலாம். "ஏன் அடிக்கடி வேலை மாறினீர்கள்?" என்று குற்றம் விசாரிக்கும் கேள்விக்குப் பதிலாக, "அந்த வேலையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கலாம். விலகிச் செல்பவருக்கு, எத்தனை நாள் வேலை பார்த்தவராக இருந்தாலும், பதவியும் தேதியும் எழுதிய ஒரு சான்றைக் கடைசி நாளன்றே கையில் கொடுக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவு ஒரு தாள்தான்.

வேலை தேடுபவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் பார்த்த வேலைகள் எதற்கும் வெட்கப்படத் தேவையில்லை. கேட்கும் வேலைக்கு அவற்றில் எது உதவும் என்று நீங்களே முதலில் முடிவு செய்யுங்கள். அதை மேலே எழுதுங்கள். உண்மையான எண்ணிக்கையோடு எழுதுங்கள். தேதியில் கை வைக்காதீர்கள். எது உதவும் என்ற முடிவைப் படிப்பவரிடம் விட்டால், அவர் தன் முன்முடிவைக் கொண்டுதான் இடைவெளிகளை நிரப்புவார்.